சந்தாவும் சரீரமும்

(எமது சங்க மண்டபத்தில் வாலிபர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எமது சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் வெறுமையாகக் கிடக்கும் அறையைத் தேகப்பயிற்சி நிலையமாக மாற்றவேண்டும் என்று வாலிபர் பகுதியினர் நிர்வாக சபைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு என்ன செலவாகும், அங்கத்தவரிடம் எவ்வளவு அறவிடுவது, அறவிடும் பணத்துக்கு நாம் எதைக் கொடுக்கப்போகிறோம் என்று தனாதிகாரி அவர்கள் சென்ற கூட்டத்திலே கேட்டார்கள். விண்ணப்பத்தில் முதலாவதாகக் கையொப்பம் இட்டவன் நான். ஆதலால் பதில் சொல்லும் பொறுப்பும் எனக்கே வந்தது. பதிலைத் தேடப் புறப்பட்ட நான், தேடி முடித்தபின் எனது விண்ணப்பத்தையே திருத்தித் தரும்படி கேட்கும் நிலைக்கு ஆளாகியிருக்கிறேன். அது எப்படி என்பதைக் கூறுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

சைவத்தையும் தமிழையும் வளர்க்க ஏற்பட்ட சங்கத்துக்குப் பளு தூக்கும் அறை எதற்கு என்று பெரியவர் ஒருவர் என்னிடம் தனியே கேட்டார். உடம்பை இழிவென்று ஒதுக்காமல், இறைவன் குடியிருக்கும் இடமாக எண்ணிப் பேணவேண்டும் என்று வற்புறுத்தியவர் திருமூலர். 1897 ஆம் ஆண்டிலே கொழும்பில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்திலும் பேசிச் சென்ற சுவாமி விவேகானந்தர், அதே ஆண்டு சென்னையில் வாலிபர்களைப் பார்த்து, முதலில் உடலில் வலிமை சேருங்கள், கீதையின் பொருள் அதன்பின் நன்றாக விளங்கும் என்ற கருத்துப்பட உரைத்தார். இவ்விருவரையும் விடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

எமது பாட்டன்மார் எந்த நிலையத்துக்கும் சந்தா கட்டவில்லை என்பது உண்மையே. விடியற்காலையில் துலா மிதித்தவருக்கு வேறு பயிற்சி வேண்டியிருக்கவில்லை. உலக்கை பிடித்து நெல்லுக் குற்றிய பாட்டிமாருக்குத் தோளும் முதுகும் தாமாகவே உறுதிப்பட்டன. இன்று கிணற்றடியில் இயந்திரம் தண்ணீர் இறைக்கிறது. ஆலையிலே மா அரைபடுகிறது. நாமோ கதிரையில் இருந்து படிக்கிறோம், கதிரையில் இருந்து உழைக்கிறோம், கதிரையில் இருந்தே இளைப்பாறுகிறோம். உடல் உழைப்பு வீட்டை விட்டுப் போனபின், அதை வெளியே காசு கொடுத்து வாங்கவேண்டிய காலம் வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்குவதென்றால், எந்தக் கடையில், என்ன விலைக்கு, எவ்வளவு தரமான சரக்கு என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி எனது சொந்தக் கதையைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்திற் சேர்ந்த முதல் வருடத்தில் பட்டணத்திலே பெரிய தேகப்பயிற்சி நிலையம் ஒன்றிற்குச் சென்றேன். அதன் பெயர் வேண்டாம். குளிரூட்டிய மண்டபம், சுவரெல்லாம் கண்ணாடி, வரிசை வரிசையாக இயந்திரங்கள். மாதந்தோறும் கட்டுவதிலும் பார்க்க வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டினால் பெரும் இலாபம் என்று அங்கிருந்தவர் எடுத்துக் கூறினார். ஐயா என் படிப்புச் செலவுக்கு அனுப்பிய பணத்தில் 36,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். முதல் மாதம் பத்து நாட்கள் போனேன். இரண்டாம் மாதம் ஏழு நாட்கள். பிறகு பரீட்சை வந்தது, மழை வந்தது, பஸ் வராமல் விட்டது. வருட முடிவில் என் நாட்குறிப்பை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நான் போன நாட்கள் 29. ஒரு நாளைக்கு 1,241 ரூபா விழுந்திருக்கிறது. அதே நிலையத்தில் ஒருநாட் சீட்டின் விலை 500 ரூபா. சீட்டு வாங்கிப் போயிருந்தால் 14,500 ரூபாவுடன் காரியம் முடிந்திருக்கும். மிகுதி 21,500 ரூபாவும் என் எண்ணத்துக்கு நானே விதித்துக்கொண்ட தண்டப்பணம்.

இடையிலே நிறுத்திக்கொள்கிறேன், மிகுதியைத் தாருங்கள் என்றும் கேட்டுப் பார்த்தேன். நான் வாசியாமற் கையொப்பமிட்ட தாளை எடுத்துக் காட்டினார்கள். வீட்டிலே கதை தெரிந்தபோது ஐயா ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சிதான், "அந்தக் காசுக்கு ஒரு மறியாடு வாங்கி விட்டிருந்தால், குழை ஒடிக்கப் போகிற சாட்டிலாவது நீ நாளாந்தம் நடந்திருப்பாய் தம்பி" என்றார். பொருளியல் படிக்கும் எனக்கு அதைவிட நல்ல பாடத்தை எந்த விரிவுரையாளரும் தந்ததில்லை.

நிற்க. இந்த மடமை எனக்கு மாத்திரம் உரியதா என்று அறிய விரும்பி நூல்நிலையத்தில் தேடினேன். ஸ்டெபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்னும் பொருளியலாளர் இருவர் 2006 ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஐக்கிய அமெரிக்காவில் மூன்று தேகப்பயிற்சி நிலையங்களைச் சேர்ந்த 7,752 அங்கத்தவரின் வரவை மூன்று வருடங்களாக நாள் நாளாக எடுத்துப் பார்த்தனர். மாதம் 70 டொலருக்கு மேற்பட்ட சந்தாவைத் தெரிந்துகொண்டவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்தார்கள். ஒரு வரவுக்கு 17 டொலருக்கு மேற் செலவாயிற்று. அதே நிலையங்களிற் பத்து முறைக்குரிய சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வரவுக்கு 10 டொலருடன் முடிந்திருக்கும். இவ்வாறு ஒருவர் தம் அங்கத்துவ காலத்திலே சராசரியாக 600 டொலரை வீணே இழந்தார். கடைசியாக வந்துபோன நாளுக்கும் அங்கத்துவத்தை நிறுத்திய நாளுக்கும் இடையே சராசரியாக 2.31 முழு மாதங்கள் சென்றன. அந்த மாதங்களுக்காக மாத்திரம் 187 டொலர் கட்டியிருக்கிறார்கள்.

அவர்கள் முட்டாள்கள் அல்லர். மாதத்துக்கு எத்தனை நாள் போவீர்கள் என்று தேகப்பயிற்சி நிலையங்களுக்குப் போகும் வேறு சிலரைக் கேட்டபோது, அவ்வங்கத்தவர் உண்மையில் வந்த நாட்களிலும் இரட்டிப்புக்கு மேலான தொகையைச் சொன்னார்கள். நாளைக்கு நான் இன்றைக்கு இருப்பதிலும் நல்லவனாக இருப்பேன் என்று மனிதன் எண்ணுகிறான். அந்த எண்ணத்துக்குத்தான் சந்தா கட்டுகிறான்.

இந்த வியாபாரம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் சிறிது கவனிப்போம். ஒரு நிலையத்துக்குக் கட்டட வாடகை, இயந்திரங்களின் விலை, மின்சாரக் கட்டணம், பயிற்றுநர் சம்பளம் என்பன பெருஞ் செலவுகள். பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் இச்செலவுகள் பெரும்பாலும் மாறா. ஆகவே புதிதாகச் சேரும் ஒவ்வொருவரின் சந்தாவும் ஏறக்குறைய முழு இலாபம். அவர் சேர்ந்துவிட்டு வராமல் இருந்தாலோ, இயந்திரம் தேய்வதும் இல்லை; மாலை வேளையில் நெருக்கடியும் இல்லை. 1992 ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய பிளானெட் ஃபிட்னெஸ் என்னும் நிறுவனம் மலிவான சந்தாவுக்குப் பேர்போனது. நெடுங்காலம் மாதம் 10 டொலராக இருந்த அதன் அடிப்படைக் கட்டணம், 2024 ஆம் ஆண்டிற் புதிய அங்கத்தவருக்கு 15 டொலராக உயர்ந்தது. வருடாந்தக் கட்டணம் தனியே உண்டு. 2024 ஆம் ஆண்டு முடிவில் அந்நிறுவனத்துக்கு ஏறக்குறைய 2,700 நிலையங்களும் ஒரு கோடி 97 இலட்சம் அங்கத்தவரும் இருந்தனர். வகுத்துப் பாருங்கள்: ஒரு நிலையத்துக்கு ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர். அத்தனை பேரும் ஒரே மாலையில் வந்து கதவைத் தட்டினால் நிற்கவும் இடமிராது. பெரும்பாலோர் வரமாட்டார்கள் என்பதாலேயே அத்தனை மலிவாகக் கொடுக்க முடிகிறது. வராதவர் கொடுக்கும் பணத்திலே வருபவர் பயிற்சி செய்கிறார். ஒழுங்காகப் போகும் ஒருவருக்கு அது மிக நல்ல பேரம் என்பதையும் நான் மறைக்கவில்லை.

மற்றைக் கோடியைப் பார்ப்போம். அதே நாட்டில் ஈக்குவினொக்ஸ் என்னும் செல்வந்தர் நிலையம் 2024 ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை அறிவித்தது. வருடத்துக்கு ஏறக்குறைய 40,000 டொலர் கட்டினால் இரத்தப் பரிசோதனை, தனிப் பயிற்றுநர், உணவு ஆலோசகர், நித்திரைக்கு ஆலோசகர், உடம்பு பிடித்துவிடுவோர் ஆகிய எல்லாம் உண்டு. நித்திரை கொள்வதற்கும் ஆலோசகர் வைப்பதைக் கேட்டு எனது நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் அத்திட்டத்தில் விற்கப்படுவது இரும்பு அல்ல என்பதைக் கவனியுங்கள். இரும்பு இரு இடத்திலும் ஒன்றே. பத்துக் கிலோ இரும்பு ஏழையின் கையிலும் பணக்காரனின் கையிலும் பத்துக் கிலோதான். விலை கூடுவது, ஆட்கள் காட்டும் கவனத்தினால்.

ஆகவே எந்த நிலையத்தின் சந்தாவும் நான்கு பொருள்களுக்கு விலை என்று நான் பிரித்துக் கொள்கிறேன். இடம், கருவி, வழிகாட்டல், கூட்டு என்பனவே அந்நான்கும்.

இடம் என்பதிலே குளிரூட்டல், குளிக்கும் வசதி, உடுப்பு மாற்றும் அறை, நீச்சல் தடாகம் முதலியன அடங்கும். சந்தாவில் கணிசமான பகுதியை இது விழுங்குகிறது. உடம்புக்கு வலிமை தருவதில் இதன் பங்கு மிகக் குறைவு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: வீட்டுக்குக் கிட்டிய இடம் நல்ல இடம். இரண்டு பஸ் ஏறிப் போகவேண்டிய மாளிகையிலும் பார்க்க, நடந்து போகக்கூடிய கொட்டகை மேல். நான் 29 நாட்களுடன் நின்றதற்கு அரைவாசிக் காரணம் அந்தத் தூரம்.

கருவியைப் பொறுத்தவரை, ஓட்ட இயந்திரம் போன்றவற்றுக்கு மோட்டர் உண்டு, பட்டி உண்டு. பட்டி தேயும், மோட்டர் பழுதாகும், மின்சாரம் போகும். கைக்குண்டும் பளுத்தட்டும் தலைமுறை கடந்து நிற்கும். கடற்கரையும் கோயில் வீதியும் இருக்கும் ஊரிலே ஓடுவதற்கு இயந்திரம் வாங்குவது, கிணற்றை வைத்துக்கொண்டு போத்தலில் தண்ணீர் வாங்குவது போலாகும். கொழும்பிலுங்கூட, சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி நடப்பவரிடம் ஒருவரும் சந்தா கேட்பதில்லை. ஆனால் தசைக்கு வலிமை தரும் பயிற்சிக்கு ஏதேனும் ஒரு பாரம் வேண்டும். அதனை வீதியிற் பெறுவது கடினம்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர் ஒருவர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பைச் செய்யவேண்டும். அன்றி 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையாக உழைக்கலாம். அதனோடு கிழமையில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். 65 வயதைக் கடந்தவர், விழாமல் நிற்பதற்கான சமநிலைப் பயிற்சியும் வலிமைப் பயிற்சியும் கலந்து கிழமையில் மூன்று நாள் செய்வது நன்று. இக்கணக்கிலே நடையும் ஓட்டமும் இலவசமாகக் கிடைப்பவை. நிலையத்தில் நாம் தேடவேண்டியது அந்த இரண்டு நாள் வலிமைப் பயிற்சியை. இதை மனத்திற் கொண்டால் எத்தனையோ ஆடம்பரங்கள் பட்டியலில் இருந்து தாமாகவே விழுந்துவிடும்.

மூன்றாவதாகிய வழிகாட்டல் விலைமதிப்புடையது. புதிதாகத் தொடங்குபவன் முதுகை வளைத்துப் பாரம் தூக்கினால் ஒரே நாளில் வைத்தியசாலைக்குப் போகக்கூடும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தோன்றிய மலிவு நிலையங்கள் முதலிற் குறைத்தது ஆட்களையே. ஆளில்லா வாசலில் இலக்கத்தை அழுத்தி உள்ளே போகலாம். ஆனால் பிழையாகச் செய்பவனைத் திருத்த எந்நேரமும் ஒருவர் இருப்பதில்லை. அனுபவசாலிக்கு அது போதும். பயில்பவனுக்குப் போதாது.

நாலாவது, கூட்டு. இதன் அருமையை ஒரு பழைய கதை விளக்கும். 1891 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரத்து வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியிலே, குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் நடத்திய தேகாப்பியாசத்தில் மாணவர் சலிப்படைந்தார்கள். கருவிகளுக்கு அங்கே குறைவில்லை, விருப்பந்தான் இல்லை. ஜேம்ஸ் நெயிஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி ஒரு விளையாட்டை அமைத்தார். கூடைப்பந்தாட்டம் பிறந்தது. 1895 ஆம் ஆண்டிலே ஹோலியோக் நகரத்து வை.எம்.சி.ஏ.யில் வில்லியம் மோர்கன் என்பவர், அத்துணை கடுமை வேண்டாத வயது வந்தவர்களை மனத்திற் கொண்டு ஒரு வலையைக் கட்டினார். கரப்பந்தாட்டம் பிறந்தது. அதுவே இன்று எமது நாட்டின் தேசிய விளையாட்டாக விளங்குகிறது. மிஷன் பாடசாலையிற் படித்த எனக்கு இக்கதையைச் சொன்னவர் எமது தேகப்பயிற்சி ஆசிரியர். அவர்கள் சபையின் சங்கம் தம் வாலிபருக்குச் செய்ததை, எமது சங்கம் எமது வாலிபருக்குச் செய்யக்கூடாதா என்று அன்றே எண்ணினேன். கருவி ஒருவனை முதல்நாள் அழைத்து வரும். இரண்டாம் மாதமும் அவனை அழைத்து வருவது தோழன். இன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால் என் நாட்கள் 29 ஆக இருந்திரா.

இதுவரை கூறியவற்றிலிருந்து, வெளி நிலையங்களிற் சேர எண்ணும் நண்பர்களுக்கு ஒரு சிறு கணக்கு. மாதச் சந்தாவை ஒருநாட் சீட்டின் விலையால் வகுத்துக் கொள்ளுங்கள். மாதச் சந்தா 4,000 ரூபா, சீட்டு 500 ரூபா என வைத்துக்கொண்டால் விடை எட்டு. மாதம் எட்டு நாளுக்குக் குறைவாகப் போகிறவர் சீட்டு வாங்குவதே மேல். எட்டைத் தாண்டி மூன்று மாதம் தொடர்ந்து போனபின் மாதச் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம். சேர்வுக் கட்டணம், பயிற்றுநர் கட்டணம், போக்குவரத்துச் செலவு ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். நிறுத்துவதற்கு என்ன நிபந்தனை என்பதைப் பணம் கொடுக்குமுன் வாசியுங்கள். கொடுத்தபின் வாசித்தவனின் கதையை இப்பொழுதுதான் கேட்டீர்கள்.

இனி எமது அறைக்கு வருவோம். நாங்கள் கொடுத்த விண்ணப்பத்திலே நான்கு ஓட்ட இயந்திரங்களும், குளிரூட்டியும், வருடச் சந்தாவும் கேட்டிருந்தோம். பட்டணத்து நிலையத்தின் சிறிய பிரதியொன்றை இங்கே கொண்டுவர எண்ணினோம் என்பதை இப்போது உணர்கிறேன். அவ்விண்ணப்பத்தைப் பின்வருமாறு திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இயந்திரங்களும் குளிரூட்டியும் வேண்டாம். கைக்குண்டுகள், பளுத்தட்டும் தண்டும், இரண்டு வாங்குகள், சுவரோடு பொருத்திய தொங்கு சட்டம், தரைக்குப் பாய், இரண்டு மின்விசிறி ஆகியவை போதும். மிஞ்சும் பணத்திற் பயிற்சி பெற்ற ஒருவருக்கு முதல் ஆறு மாதமாவது வேதனம் கொடுத்து வழிகாட்டலைத் தேடுவோம். பின்வளவில் மறைந்துபோன கரப்பந்து மைதானத்தைச் சிரமதானத்தினாலே வெட்டித் துப்புரவாக்குவது வாலிபர் பொறுப்பு. அதற்கு ஒரு சதமும் கேட்கமாட்டோம்.

வருடச் சந்தா வேண்டாம். ஒருநாட் சீட்டும் மாதச் சந்தாவும் மாத்திரம் இருக்கட்டும். மாணவருக்கு அரைவாசி. வசதியில்லாதவர் காரியதரிசியிடம் தனியே ஒரு வார்த்தை சொன்னாற் போதும். பதிவேட்டில் அவர் பெயருக்கும் மற்றவர் பெயருக்கும் வேற்றுமை தெரியலாகாது. காலையில் ஒரு மணி நேரம் பெரியோர்களுக்கு. மாலையில் ஒரு பகுதி பெண்களுக்கு என ஒதுக்கவேண்டும். எமது சகோதரிகள் பட்டணத்து நிலையங்களுக்குப் போகத் தயங்குவதற்குப் பணம் மாத்திரம் காரணம் அன்று என்பதை நாம் அறிவோம். இருதய நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்டபின் தொடங்குவது நன்று.

வருடச் சந்தாவை விட்டால் வருமானம் நிலையாக இராதே என்று தனாதிகாரி அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒருமுறை பெருந்தொகை கட்டிவிட்டால் அதற்காகவேனும் ஒழுங்காக வருவார்களே என்றும் சிலர் கூறலாம். 1998 ஆம் ஆண்டிலே ஜோன் கோர்வில், திலீப் சோமன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இதை ஆராய்ந்தனர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டியவர்கள், கட்டியவுடன் மிகுதியாக வந்து, நாள் செல்லச் செல்லக் குறைந்து, மறுமுறை கட்டியதும் மீண்டும் வரத் தொடங்கினார்கள். கொடுத்த பணத்தின் வலி ஆறும்போது முயற்சியும் ஆறிவிடுகிறது. சிறிது சிறிதாக அடிக்கடி கொடுப்பவனுக்கு நினைவு அறுவதில்லை. வருமானத்தைப் பொறுத்தவரை, எமக்கு வாடகை இல்லை. இயந்திரம் இல்லாததால் மின்சாரச் செலவும் சிறிது. வராதவனின் பணத்தை நம்பி இருக்கும் நிலையம், அவன் ஏன் வரவில்லை என்று தேடிப் போகாது. அவன் வராமல் இருப்பதே அதற்கு ஆதாயம். எமது சங்கமோ தேடிப் போகவேண்டிய சங்கம். ஆகையினால் எமது கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு வரவுப் புத்தகமும் இருக்கவேண்டும். இரண்டு கிழமை பெயர் காணாத அங்கத்தவரின் வீட்டுக்கு எம்மில் ஒருவர் சைக்கிளிற் போய் விசாரிக்க வேண்டும். அப்பணிக்கு முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் அவ்விரு புத்தகங்களையும் இச்சபையின் முன் வைக்கிறோம். வரவு குறைந்து போயிருந்தால் அறையைத் திருப்பித் தருகிறோம்; இரும்பை விற்று வரும் பணம் சங்கத்தின் நிதிக்கே சேரட்டும். வரவு நிலைத்திருந்தால், பெரியோர்களே, அப்போது நீங்களும் காலைப் பொழுதில் வந்து எங்களோடு ஒரு கை பாருங்கள்.